காலித் தொட்டி மிதக்குமா?

பாப்பாரப்பட்டின்னு சொன்னா சுப்பிரமணிய சிவாவைத்தான் எல்லாரும் நினைப்பாங்க. 1925-ல் அவர் உயிர் பிரிஞ்சது எங்க ஊர்லதான். ஆனா தருமபுரிக்காரங்களுக்கு இன்னொரு கதை இருக்கு: தண்ணி. நிலத்தடி நீர் ஆழத்துல, அதுலயும் ஃப்ளோரைடு. அதுக்காகவே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்துச்சு. இப்படிப்பட்ட மண்ணுல தொழில் கத்துக்கிட்ட ஒரு மேஸ்திரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில நீச்சல் குளம் ரிப்பேர் பண்ணப் போனா எல்லாமே தலைகீழ். இங்க தொட்டி விரிசல் விட்டா தண்ணி வெளிய போகும். அங்க உள்ள வரும்.

கொஞ்சம் பின்னாடி போவோம். பாரிஸ்ல ஜோசப் மோனியேன்னு ஒரு தோட்டக்காரர். செடித் தொட்டிகளை சிமென்ட்ல செஞ்சு பார்த்தார், வெடிச்சுது. உள்ள இரும்பு வலை வெச்சார், நின்னுது. 1867-ல் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நம்ம வீட்டு ஆர்.சி.சி. கூரைக்கு ஒரு மூதாதை, விரிசல் விட்ட ஒரு பூந்தொட்டி! (இன்ஜினியரிங் காலேஜ்ல இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.)

ஆனா காப்பாத்த வந்த அந்த இரும்புதான் கடலோரத்துல எதிரி. நல்ல கான்கிரீட்டுக்குள்ள கம்பி மேல ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும். உப்புல இருக்கிற குளோரைடு அதை உடைக்கும். துரு பிடிச்ச கம்பி ஊதும். பழைய இரும்பைவிட துருவுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல இடம் வேணும், அதனால கான்கிரீட் உள்ளேர்ந்து பிளக்கும். கம்பி போட்ட கான்கிரீட் கலக்குற தண்ணியில லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு கூடாதுன்னு இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லுது. கடல்நீர்ல சுமார் 19,000. பக்கத்து உப்பு போர்வெல்லுல கலவை போட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

இதைவிட பெரிய ஆபத்து, "முதல்ல தண்ணியைக் காலி பண்ணுங்க"ங்கிற வார்த்தை. மழைக்காலத்துல ஒரு வீட்டு ஓனர் அப்படிச் சொன்னப்போ எங்க மாமா முடியாதுன்னுட்டார். ஓனருக்குக் கோபம், கூலி ரெண்டு நாள் போச்சு. கணக்கு மாமா பக்கம்தான். பத்து மீட்டர் நீளம், அஞ்சு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளம். தரையும் சுவரும் 15 சென்டிமீட்டர் கனம்னா எடை சுமார் 35 டன். அடிமட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் வரைக்கும் நிலத்தடி நீர் நின்னா, அது மேல தள்ளுற விசை 50 டன். மண்ணோட பிடிமானம் கொஞ்சம் உதவும். அதை நம்பி உள்ள ஆளை இறக்குவீங்களா? நிறைஞ்சிருக்கும்போது குளத்துத் தண்ணிதான் நங்கூரம். காலியானா அது படகு.

அதனால வரிசை முக்கியம். முதல்ல குளத்தைச் சுத்திக் குழாய் இறக்கி மோட்டார் போட்டு வெளித்தண்ணியை இறக்கணும். ஓரத்துல ஒரு குழாயை நட்டு மட்டம் பார்த்துக்கிட்டே இருக்கணும். அடிமட்டத்துக்குக் கீழ போன பிறகுதான் குளத்தைக் காலி பண்ணலாம். ஈரம் கசியுற விரிசல்ல எபாக்சி சரியாப் பிடிக்காது. அதுக்கு பாலியூரித்தேன் ஊசி. தண்ணி பட்டதும் நுரைச்சு அடைக்கும். துருப்பிடிச்ச இடத்துல மேல பூசி மறைக்கிறது ஏமாத்து வேலை. கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி, உப்பேறின கான்கிரீட்டை எடுத்து, துருவைத் தேய்ச்சு, அப்புறம்தான் பாலிமர் கலவை.

மொகஞ்சதாரோ பெருங்குளத்துல செங்கல் சுவருக்குப் பின்னாடி நிலக்கீல் பூசியிருந்தாங்க. சுவரோட எந்தப் பக்கத்துல தண்ணியைத் தடுக்கணும்னு அவங்களும் யோசிச்சிருக்காங்க. இன்னைக்கு அந்த இடிபாட்டையே நிலத்தடி உப்புதான் அரிக்குது.

பூச்சு காய்ஞ்சாலும் மோட்டாரை நிறுத்த முடியாது. குளம் மறுபடி நிறையுற வரைக்கும் ஓடணும். நடுராத்திரி கரன்ட் போச்சுன்னா ஜெனரேட்டர், அதுக்கு டீசல், பக்கத்துல முழிச்சிருக்க ஒரு ஆள். அவருக்கான கூலியை வேலைக்கு விலை பேசும்போதே சேர்த்துக்கணும்.