மலை போன பிறகு நத்தையைத் தேடலாமா?

பத்து பாகாட் என்றால் மலாய் மொழியில் ‘செதுக்கிய கல்’ என்று பொருள். சயாமியப் படையினர் தாகம் தீர்க்கப் பாறையைக் குடைந்து கிணறு வெட்டினார்கள் என்பது இவ்வூர்க் கதை. அவர்கள் குடைந்தது ஒரு கிணறு. இதே நாட்டில் ஒரு மலையையே வெட்டித் தீர்த்த வரலாறும் உண்டு. அந்த வரலாற்றின் நாயகன் ஒரு நத்தை.

நத்தைக்கு என்ன வரலாறு என்று நீங்கள் சிரிக்கலாம். கொஞ்சம் கேளுங்கள்.

நீலகிரியில் தொடங்கிய பெயர்

1860ஆம் ஆண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய பிளான்போர்டு சகோதரர்கள், நீலகிரியில் கிடைத்த ஒரு சிறு நத்தைக்கு ‘ஓபிஸ்தோஸ்டோமா’ என்று பேரினப் பெயர் சூட்டினார்கள். ‘பின்பக்கம் வாய் உள்ளது’ என்பது அதன் பொருள். இதன் உறவுகள் மலாயாவின் சுண்ணாம்புக்கல் மலைகளிலும் இருந்தன.

1952இல் வான் பெந்தம் யுட்டிங் என்ற டச்சு நாட்டுப் பெண் ஆய்வாளர் அவற்றைத் தொகுத்து எழுதினார். பகாங் மாநிலத்தின் புக்கிட் பாஞ்சிங் மலையில் கிடைத்த நத்தைக்கு அவர் வைத்த பெயர் ‘சியாஃபிலும்’, அதாவது நிழலை விரும்புவது. சில மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அந்த ஒரு மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது காணப்படவில்லை.

ஏன் அப்படி? ஓடு கட்ட இவற்றுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மலைக்கும் மலைக்கும் இடையிலுள்ள நிலம் இவற்றுக்கு ஒத்துவராது. ஆகவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு போல. நாம் தைப்பூசத்திற்குப் படியேறும் பத்துமலையும் இத்தகைய சுண்ணாம்புக்கல் மலைதான்.

ஒரே ஆண்டில் இரு செய்திகள்

2014இல் லியூ தோர் செங் குழுவினர் 31 இனங்களைச் சேர்ந்த 214 சேகரிப்புகளை ஆராய்ந்தனர். உடலமைப்பு, வாழ்முறை, மரபணு ஆகியவற்றைக் கொண்டு ‘பிளெக்டோஸ்டோமா’ தனிப் பேரினம் என்று நிறுவினர். 10 இனங்கள் புதியவை. பாஞ்சிங் நத்தைக்கும் முறையான இடம் கிடைத்தது.

அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அந்த நத்தை அழிந்துவிட்டதாக அறிவித்தது. கல்குவாரி மலையைத் தின்றுவிட்டது. பெயர் இருக்கிறது, நத்தை இல்லை!

அதே 2014இல் பெர்முடா தீவில் நடந்தது வேறு. அழிந்ததாகக் கருதப்பட்ட ஒரு நில நத்தை ஹேமில்டன் நகரின் சந்து ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குத் தோட்டத்தில் பெருக்கப்பட்டு மீண்டும் தாயகம் சேர்ந்தது. ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கு மிஞ்சியிருந்ததால் மீட்க முடிந்தது. பாஞ்சிங்கில் எந்த இடுக்கில் போய்த் தேடுவது?

எண்ணிவிட்டு உடைப்போம்

வீடு கட்ட சிமெண்ட் வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் எந்த மலையை உடைப்பது, எதை விடுவது என்பதை முன்கூட்டியே அறிய முடியும். 2017இல் பூன் ஜுன் கிட், கோபாலசாமி ரூபன் கிளமெண்ட்ஸ், லியூ தோர் செங் ஆகியோர் பேராவின் 12 சுண்ணாம்புக்கல் மலைகளை ஆராய்ந்த முடிவுகள் வெளியாயின. கிடைத்தவை 122 இனங்கள். அவற்றுள் 34 இனங்கள், ஆராயப்பட்ட மலைகளுள் ஏதேனும் ஒன்றில் மட்டுமே இருந்தன. 30 இனங்கள் அறிவியலுக்கே புதியவையாக இருக்கக்கூடும்.

ஈப்போவுக்கு வடக்கேயுள்ள கந்தான் மலையில் கிடைத்த ஒரு நத்தைக்கு ஆய்வாளர்கள் 2014இல் ‘சரோப்பா லஃபார்ஜி’ என்று பெயர் வைத்தனர். அங்கு அப்போது கல்லெடுத்து வந்த லஃபார்ஜ் சிமெண்ட் நிறுவனத்தின் பெயர்தான் அது. நத்தையின் உயிர் யார் கையில் இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

பெயர் வைப்பது அறிஞர்கள் வேலை. உரிமம் கொடுக்கும் முன் கணக்கெடுக்கச் சொல்லிக் கேட்பது நம் வேலை. வெட்டிய மலை வளராது.