பிஜிஎம்ஐ: இருமுறை தடைபட்டு இருமுறை திரும்பிய விளையாட்டு

பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்பது தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் இந்தியாவுக்கென்று வெளியிட்ட கைப்பேசி விளையாட்டு. சுருக்கமாக பிஜிஎம்ஐ என்று அழைக்கப்படுகிறது. 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட பப்ஜி மொபைலின் மறுவடிவமாக 2021 ஜூலை 2 அன்று இது வெளியானது. ஓராண்டு முடிந்த சில வாரங்களில், 2022 ஜூலை 28 அன்று, இதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே 29 முதல் மீண்டும் ஆடக் கிடைத்தது. முதல் மீள்வருகையைக் கொண்டாட்டமாக வரவேற்ற ஆட்டக்காரர்கள் இரண்டாவதை எச்சரிக்கையோடுதான் ஏற்றார்கள். அந்த மாற்றத்துக்கு விளையாட்டின் தரம் காரணமில்லை என்பதே இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

பப்ஜியின் வருகை

அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் வடிவமைத்த பப்ஜி, கணினிக்கான முன்னோட்டப் பதிப்பாக 2017 மார்ச்சில் வெளியானது. அதன் கைப்பேசி வடிவத்தைச் சீனாவின் டென்சென்ட் நிறுவனம் உருவாக்கி, 2018 மார்ச்சில் உலகெங்கும் வெளியிட்டது. நூறு பேர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிறார்கள். வெறுங்கையோடு இறங்கி, வீடுகளுக்குள் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் தேடி எடுக்கிறார்கள். சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை பிழைத்திருப்பவருக்கு, அல்லது அந்த அணிக்கு, வெற்றி. திரையில் 'சிக்கன் டின்னர்' என்ற வாசகம் வரும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இணையக் கட்டணம் சரிந்திருந்தது. விலை உயர்ந்த கணினியோ பிளேஸ்டேஷனோ வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் ஒரு ஆண்ட்ராய்டு கைப்பேசி இருந்தது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் ஆடிய முதல் பெரிய இணைய விளையாட்டு கைப்பேசியில் அமைந்ததற்கு இதுவே காரணம். 2019 ஜனவரியில் பிரதமர் மோடி மாணவர்களோடு உரையாடியபோது, மகன் இணைய விளையாட்டிலேயே மூழ்கியிருப்பதாக முறையிட்ட ஒரு தாயிடம் 'பப்ஜிக்காரனா?' என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. அதே ஆண்டு மார்ச்சில் ராஜ்கோட் காவல்துறை தன் எல்லைக்குள் பப்ஜிக்குத் தடை விதித்து, ஆடியவர்களைக் கைதும் செய்தது.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டு நான்கு பேர் கொண்ட அணியாகவே, ஆட்டக்காரர் மொழியில் 'ஸ்குவாட்' ஆகவே, வேரூன்றியது. தெருவில் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இப்போது ஆளுக்கொரு கைப்பேசியோடு உட்கார்ந்தார்கள். கல்லூரிக்காகவோ வேலைக்காகவோ ஊர் மாறிப் போனவனும் இரவு பத்து மணிக்கு அதே அணியில் வந்து சேர்ந்துகொள்ள முடிந்தது. 2020 ஊரடங்கில் இந்தப் பழக்கம் உச்சத்தைத் தொட்டது. மே மாதத்தில் கோயம்பேடு காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்கு இடம் மாறியபோது, சென்னையின் மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் காய்கறி லாரிகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. கல்லூரிகள் பூட்டிக் கிடந்தன, தொழிற்பேட்டைகளில் வேலை குறைந்திருந்தது. வீட்டுக்குள் அடைபட்ட இளைஞர்கள் நண்பர்களோடு பேசிக்கொள்ளும் திண்ணையாகவே பப்ஜி ஆனது. தடைக்குப் பிறகு எழுந்த கருத்துகளைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி அவசியம்.

2020 தடை

கல்வான் மோதல் நடந்தது 2020 ஜூன் 15 அன்று. அந்த மாத இறுதியில் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனத் தொடர்புடைய செயலிகளை இந்திய அரசு தடைசெய்தது. செப்டம்பர் 2 அன்று மேலும் 118 செயலிகள் தடைக்குள்ளாயின. அந்தப் பட்டியலில் பப்ஜி மொபைலும், குறைந்த திறன் கொண்ட கைப்பேசிகளுக்கான பப்ஜி மொபைல் லைட்டும் இருந்தன. இரண்டு தடைகளுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவே அடிப்படை. வெளியிட்ட நிறுவனம் டென்சென்ட் என்பதுதான் சிக்கல். சில நாட்களிலேயே கொரிய நிறுவனம் இந்திய வெளியீட்டு உரிமையை டென்சென்டிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. அது போதவில்லை. அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கான சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது.

அப்போது ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நாட்டுக்காக ஒரு விளையாட்டை விட்டுவிடலாம் என்றவர்கள் பலர். கொரியப் பதிப்பைத் தரவிறக்கியும் விபிஎன் வைத்தும் தொடர்ந்தவர்களும் பலர். பிந்தையவர்கள் 'பிங்' கூடிப்போய், எதிரி சுட்ட பிறகே எதிரியைப் பார்க்கும் நிலையில் ஆடினார்கள்.

காலியான இடத்தைப் பிடிக்க உள்நாட்டு விளையாட்டு ஒன்றும் வந்தது. பெங்களூரின் என்கோர் கேம்ஸ் உருவாக்கிய ஃபௌஜி, நடிகர் அக்ஷய் குமாரின் அறிவிப்போடு தொடங்கி, 2021 குடியரசு நாளில் வெளியானது. கதைக்களம் கல்வான் பள்ளத்தாக்கு. தொடக்கப் பதிப்பில் பலர் சேர்ந்து ஆடும் களம் இல்லை, துப்பாக்கியும் இல்லை, கைகலப்புதான். பிளே ஸ்டோரில் அதன் மதிப்பீடு சில நாட்களிலேயே மளமளவெனச் சரிந்தது. தேசப்பற்றையும் விளையாட்டின் சுவையையும் ஆட்டக்காரர்கள் தனித்தனியாகத்தான் எடைபோட்டார்கள்.

முதல் மீள்வருகை

2020 நவம்பர் 12 அன்று 'பப்ஜி மொபைல் இந்தியா' என்ற பெயரில் விளையாட்டு திரும்பும் என்றும், இந்தியாவில் பத்துக் கோடி டாலர் முதலீடு செய்யப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. பின் மாதக்கணக்கில் அமைதி. 2021 மே 6 அன்று பெயரில் பப்ஜி என்ற சொல்லே இல்லாமல் பிஜிஎம்ஐ அறிவிக்கப்பட்டது. மே 18 அன்று முன்பதிவு தொடங்கியது. முதல் நாளில் மட்டும் 76 லட்சம் பேர் பதிந்தார்கள். ஜூன் 17 முதல் சோதனைப் பதிப்பும், ஜூலை 2 அன்று ஆண்ட்ராய்டு பதிப்பும், ஆகஸ்ட் 18 அன்று ஐஃபோன் பதிப்பும் கிடைத்தன.

பழைய ஆட்டக்காரர்கள் முதலில் கேட்டது புதிய வரைபடத்தைப் பற்றியல்ல. 'என் ஐடி வருமா?' என்பதுதான் கேள்வி. ஐடி என்பதில் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறிய நிலைகள், பருவத்துக்குப் பருவம் வாங்கிய ராயல் பாஸ், யூசி என்னும் விளையாட்டுப் பணத்தால் வாங்கிய உடைகள், நண்பர் பட்டியல் எல்லாம் அடங்கியிருந்தன. எம்416 துப்பாக்கியின் பனிநீல 'கிளேசியர்' உறை வைத்திருந்தவருக்கு ஒவ்வொரு அறையிலும் தனி மரியாதை. பேஸ்புக், ட்விட்டர் போன்ற கணக்கோடு இணைத்திருந்தவர்களின் விவரங்கள் புதிய விளையாட்டுக்கு மாறின. விருந்தினர் கணக்கில் ஆடியவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. கைப்பேசியை அண்ணனோடும் அப்பாவோடும் பகிர்ந்துகொண்ட பல பிள்ளைகள் விருந்தினராகவே ஆடியிருந்தார்கள். இழப்பு அவர்களுக்கே அதிகம்.

மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் கேலிக்கு உள்ளாயின. சிவப்பு இரத்தம் பச்சையானது. 'கொன்றார்' என்ற சொல்லுக்குப் பதில் 'முடித்தார்' என்ற பொருளில் 'ஃபினிஷ்' வந்தது. இது கற்பனை உலகம் என்று ஒரு பெண் குரல் நினைவூட்டியது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நாளுக்கு மூன்று மணி நேரமே ஆடலாம், 7,000 ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் செலவிட முடியாது, பெற்றோரின் கைப்பேசி எண்ணும் தர வேண்டும் என்பவை விதிகள். வயதை ஆடுபவரே சொல்ல வேண்டியிருந்ததால், இந்த விதிகள் உண்மை சொன்ன பிள்ளைகளை மட்டுமே கட்டுப்படுத்தின.

ஜூன் மாதத்திலேயே, சோதனைப் பதிப்பு சீனாவிலுள்ள சேவையகங்களுக்கும் தகவல் அனுப்புவதாகச் செய்தி வெளிவந்தது. நிறுவனம் உடனே ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்தவில்லை. 'ஹேக்கர்' தொல்லை பற்றித்தான் அவர்கள் புலம்பினார்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்கும் மோசடி மென்பொருளால் தோற்றவருக்கு, தகவல் எந்த நாட்டுக்குப் போகிறது என்பது தூரத்துக் கவலை. பிற்பாடு அரசு கேட்டதோ அந்தத் தூரத்துக் கேள்வியைத்தான்.

ஆனாலும் அந்த ஓராண்டு பொற்காலமாகவே நினைவுகூரப்படுகிறது. ஒரு கோடி ரூபாய் பரிசுத்தொகை கொண்ட பிஜிஐஎஸ் போட்டியை 2022 ஜனவரியில் ஸ்கைலைட்ஸ் கேமிங் அணி வென்றது. விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளலாம் என்ற நம்பிக்கை சிறு நகரங்களுக்கும் பரவியது. பதிவுசெய்தோர் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டியதாக 2022 ஜூலையில் நிறுவனம் அறிவித்தது.

மீண்டும் தடை

அதே ஜூலையின் 28ஆம் தேதி மாலை, பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் தேடியவர்களுக்கு பிஜிஎம்ஐ கிடைக்கவில்லை. அரசின் உத்தரவுப்படி நீக்கியதாக கூகுள் தெரிவித்தது. இம்முறையும் 69ஏ பிரிவுதான். விசித்திரம் என்னவென்றால், ஏற்கெனவே தரவிறக்கியிருந்தவர்களால் பல மாதங்கள் தொடர்ந்து ஆட முடிந்தது. கைப்பேசி உடைந்தாலோ மாற்றினாலோ விளையாட்டு போயிற்று. அதனால் பழைய கைப்பேசியை விற்காமல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

தொழில்முறை ஆட்டக்காரர்களின் நிலை இன்னும் சங்கடமானது. உள்நாட்டுத் தொடரை வென்று தகுதி பெற்றிருந்த டீம் சோல் அணி, தடை வந்த இரண்டே வாரத்தில் சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடந்த பப்ஜி மொபைல் உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் ஆடியது. சொந்த நாட்டில் அந்த விளையாட்டைத் தரவிறக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டை இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்த்தது. அங்கீகாரம் வந்தபோது நாட்டின் மிகப் பெரிய மின்விளையாட்டு களத்தில் இல்லை.

இரண்டாம் மீள்வருகை

2023 மே 19 அன்று கிராஃப்டன் மறுவெளியீட்டை அறிவித்தது. சேவையகங்கள் அமைந்துள்ள இடம், தகவல் பாதுகாப்பு ஆகியவை குறித்த நிபந்தனைகளை நிறுவனம் ஏற்றுக்கொண்டதால் மூன்று மாதச் சோதனை அனுமதி தரப்படுவதாகவும், அடிமைத்தனம் போன்ற தீங்குகள் கண்காணிக்கப்படும் என்றும் மத்திய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் கூறினார். மே 29 முதல் ஆட்டம் தொடங்கியது. சிறுவர்களுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என வரம்பு வந்தது. நூசா என்ற ஒரு கிலோமீட்டர் அளவுள்ள குட்டி வரைபடமும் சேர்ந்தது.

இம்முறை ஐடி பத்திரமாக இருந்தது. ஆட்டமும் முன்பைவிட மெருகேறியிருந்தது. ஆனால் பேச்சு மாறியிருந்தது. 'மூணு மாசம் பாப்போம்' என்பதே பொதுவான மனநிலை. ஆடுவோம், யூசி வாங்க மாட்டோம் என்றார்கள் ஒருசாரார். 2018இல் பள்ளியில் இருந்தவர்கள் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து திருமழிசையிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வீடு திரும்புபவருக்கு ஒரு ஆட்டத்துக்கான அரை மணி நேரமே மிச்சம். நான்கு பேர் சேர்வதே அரிதானது. ஆறு மணி நேர வரம்பை எதிர்த்து அவர்களிடமிருந்து பெரிய குரல் எழவில்லை. அவ்வளவு நேரம் ஆட அவர்களுக்கு வாழ்க்கை இடம் தரவில்லை. வரம்பு உண்மையில் உறுத்தியது நாள் முழுதும் பயிற்சி செய்யும் போட்டியாளர்களையும் யூடியூப் நேரலையாளர்களையும்தான்.

போட்டியாளர்களின் அச்சம் நியாயமானது. ஒரு கபடி வீரரின் ஆட்டத்தை எந்த அலுவலகமும் ஒரே மாலையில் அணைத்துவிட முடியாது. இவர்களுடையதை இரண்டு முறை அணைத்துவிட்டார்கள். படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் ஆட வந்தவர்கள் இரண்டாம் வருகையில் படிப்பையும் கையில் வைத்துக்கொள்ளும்படி இளையவர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.

வெளிநாட்டு ஒப்பீடு

மீண்டும் வரும் விளையாட்டை ஆட்டக்காரர்கள் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதற்குப் பனிச்சறுக்கு விளையாட்டான எஸ்எஸ்எக்ஸ் ஒரு மாறுபட்ட எடுத்துக்காட்டு. 2000இல் பிளேஸ்டேஷன் 2இல் தொடங்கிய இந்தத் தொடர் 2007க்குப் பின் நின்றுபோனது. 2010 டிசம்பரில் 'டெட்லி டிசென்ட்ஸ்' என்ற துணைப்பெயருடன் இருண்ட தோரணையில் அறிவிக்கப்பட்டபோது, பழைய ரசிகர்கள் இது தங்கள் எஸ்எஸ்எக்ஸ் அல்ல என்று கொதித்தார்கள். துணைப்பெயர் கைவிடப்பட்டு, 2012 பிப்ரவரியில் வெறும் எஸ்எஸ்எக்ஸ் ஆகவே வெளியானது. இமயமலைச் சரிவுகளும் அதில் உண்டு. ஒரே திரையைப் பிரித்து நண்பர்கள் பக்கத்தில் அமர்ந்து ஆடும் வசதி இல்லை என்பது அதன்மீது நிலைத்துவிட்ட குறை. அங்கே விளையாட்டின் வடிவமும் சுவையும் விவாதமாயின. அந்த ரசிகர்களின் கோபத்துக்கு நிறுவனம் செவிசாய்த்தது. பிஜிஎம்ஐ ஆட்டக்காரர்களுக்கு முறையிட அப்படியொரு வாசல் இல்லை. விளையாட்டு இருக்குமா என்பதை நிறுவனமும் முடிவுசெய்ய முடியாத நிலை.

பிற்காலம்

தமிழ்நாட்டில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. பணம் வைத்து ஆடும் ரம்மியையும் பப்ஜியையும் பெற்றோர் 'ஆன்லைன் கேம்' என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும், அடுத்த மாதமே பிஜிஎம்ஐ திரும்பியதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டின. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் பண விளையாட்டுகளைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்தது.

2022 பிப்ரவரியில் தடைக்குள்ளான ஃப்ரீ ஃபயர், 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' என்ற பெயரில் 2023 செப்டம்பர் 5 அன்று வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. விளம்பரத் தூதர் எம். எஸ். தோனி. குறித்த நாளுக்கு முந்தைய நாள் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. தோனியின் முகத்தைப் பார்த்து முன்பதிவு செய்த சென்னை ரசிகர்கள் தடைக்குள்ளாகாத ஃப்ரீ ஃபயர் மேக்ஸிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்.