விமானம் இல்லாத விமானந்தாங்கி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடல் கிடையாது. மேற்கே மலை, கிழக்கே கரிசல். அலையைப் பார்க்க ஆசைப்பட்டால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனாலும் டீக்கடை பெஞ்சில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, சீனாவிடம் எத்தனை விமானந்தாங்கிக் கப்பல், ஜப்பானிடம் எத்தனை என்று கணக்குப் போடுகிறவர்கள் இங்கேயும் உண்டு. லியாவ்நிங், ஷான்டாங், 2025 நவம்பரில் சேர்ந்த ஃபூஜியான் என்று சீனாவுக்கு மூன்று. இஸுமோ, காகா என்று ஜப்பானுக்கு இரண்டு. அவையும் ஹெலிகாப்டர் கப்பல்களாகப் பிறந்து, இப்போது மாற்றிக் கட்டப்படுகிறவை. மூன்று பெரிது, இரண்டு சிறிது. பேச்சு முடிந்தது. இந்தக் கணக்கை நம்ப முடியாமல் செய்வது மட்டக்களப்புக்கு நேரே கடலுக்கு அடியில் கிடக்கும் ஒரு கப்பல். அதன் பெயர் ஹெர்மீஸ்.

1918 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில், ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தில் அதன் அடிமரம் போடப்பட்டது. அதுவரை விமானந்தாங்கி என்றால் வேறு எதற்கோ கட்டத் தொடங்கிய கப்பலின் தலையைச் சீவித் தளம் போட்டதுதான். முதல் ஆணியிலிருந்தே விமானத்துக்கென்று வரையப்பட்ட முதல் கப்பல் ஹெர்மீஸ். நீளம் 600 அடி, எடை ஏறக்குறைய 10,850 டன், வேகம் 25 நாட். 1919 செப்டம்பரில் தண்ணீரில் இறங்கியது. அதற்குள் முதல் உலகப் போர் முடிந்துவிட்டது. பணமும் அவசரமும் சேர்ந்தே வற்றின. கட்டுமானம் இழுத்தடித்து 1924 பிப்ரவரியில்தான் கப்பல் பணிக்கு வந்தது.

அந்த இடைவெளியில் ஜப்பான் முந்திக்கொண்டது. ஹெர்மீஸுக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் கழித்துத் தொடங்கிய ஹோஷோ 1922 டிசம்பரிலேயே கடலுக்குப் போய்விட்டது. விமானத்துக்கென்றே கட்டி முடிக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் என்ற பெயர் அதற்குப் போனது. இதில் வேடிக்கை, ஜப்பானுக்கு வழிகாட்டியதே பிரிட்டிஷ்காரர்கள்தான். 1921-ல் செம்பில் என்பவர் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஜப்பானுக்குப் போய், கசுமிகவுராவில் அந்நாட்டுக் கடற்படை விமானிகளுக்குப் பாடம் எடுத்தது. ஹோஷோவுக்கான மிட்சுபிஷி விமானத்தை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஸ்மித், ஒரு பிரிட்டிஷ்காரர். 1923 பிப்ரவரியில் அந்தத் தளத்தில் முதன்முதலாக விமானத்தை இறக்கிக் காட்டிய வில்லியம் ஜோர்டனும் பிரிட்டிஷ்காரரே. மாணவன் குறிப்பெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஆசிரியர் படிப்பதை நிறுத்திவிட்டார்.

நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. 1918-ல் பிரிட்டனில் விமானப்படை தனிப்படையானபோது கடற்படையின் விமானங்களும் அதன் கைக்குப் போய்விட்டன. கப்பல் ஒருவருடையது, அதன் மேல் நிற்கும் விமானம் இன்னொருவருடையது. பட்ஜெட் போடும்போது கடல் விமானத்துக்குக் கடைசிப் பந்திதான் கிடைத்தது. 1937-ல் தவறை உணர்ந்து கடற்படைக்கே திருப்பித் தர முடிவெடுத்தார்கள். கைமாற 1939 ஆகிவிட்டது. ஜப்பானியக் கடற்படை தன் விமானங்களை ஒருநாளும் பிறரிடம் விடவில்லை. 1942-ல் ஹெர்மீஸுக்கு நேர்ந்ததற்கான விடை இந்த ஒரு வித்தியாசத்தில் பெருமளவு அடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஹெர்மீஸ் தன் இளமையின் பெரும்பகுதியைச் சீனக் கடல்களில் கழித்தது. ஹாங்காங், வெய்ஹைவெய், யாங்சே ஆறு. கடற்கொள்ளையரைத் தேடுவது, கொடி காட்டுவது, ஆபத்தில் இருப்பவர்களை மீட்பது என்று ஒரு காவல்காரன் வேலை. 1931-ல் யாங்சேயில் பெருவெள்ளம் வந்தபோது ஹாங்கோவ் நகரத்தின் அருகே நங்கூரமிட்டு நின்றது. அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த சார்லஸ் லிண்ட்பர்க், மனைவி ஆனுடன் வெள்ளப் பகுதிகளைப் பார்வையிட அப்போது அங்கே வந்திருந்தார். அவர்களுடைய மிதவை விமானத்தை ஹெர்மீஸ்தான் தூக்கி வைத்துப் பாதுகாத்தது. மறுபடி ஆற்றில் இறக்கும்போது நீரோட்டம் இழுத்து விமானம் கவிழ்ந்தது. தம்பதி தண்ணீரில் குதித்துத் தப்பினார்கள். உலகின் புகழ்பெற்ற விமானியையே குளிப்பாட்டி அனுப்பிய கப்பல் இது.

வயசு ஏற ஏற விமானங்கள் பெருத்தன, கப்பல் அப்படியே இருந்தது. தொடக்கத்தில் இருபது விமானம் வரை ஏந்தியது, பிறகு ஒரு டஜனோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. அவையும் துணி போர்த்திய இரட்டை இறக்கை ஸ்வோர்டுஃபிஷ். 1940 ஜூலையில் டக்கார் துறைமுகத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷெலியுவைத் தாக்கின. அடுத்த இரண்டாம் நாளே ஹெர்மீஸ் இன்னொரு பிரிட்டிஷ் கப்பலோடு மோதி மூக்கை உடைத்துக்கொண்டது. பழுது பார்த்த பிறகு இந்தியப் பெருங்கடல், பாரசீக வளைகுடா, கடைசியில் திருகோணமலை.

1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன: அகாகி, ஹிர்யூ, சோர்யூ, ஷோகாகு, ஸுயிகாகு. பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லிடம் இண்டோமிட்டபிள், ஃபார்மிடபிள், ஹெர்மீஸ் என்று மூன்று. டீக்கடைக் கணக்குப்படி ஐந்துக்கு மூன்று, மோசமில்லை. ஆனால் ஜப்பானியர் கொண்டுவந்த விமானங்கள் முந்நூறு அளவில். பிரிட்டிஷாரிடம் நூறுகூட இல்லை. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது.

8-ஆம் தேதி இரவு, அடுத்த அடி திருகோணமலைக்குத்தான் என்று தெரிந்து ஹெர்மீஸைத் துறைமுகத்தைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயர் துணைக்கு வந்தது. விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. காலையில் திருகோணமலை தாக்கப்பட்ட நேரத்தில் ஹெர்மீஸ் தெற்கே கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது. மட்டக்களப்புக்கு அருகே ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதைக் கண்டுவிட்டது. திரும்பி வரச் சொல்லி உத்தரவு வந்தது. துணைக்குப் போர் விமானம் கேட்டுச் செய்தி போனது. திருகோணமலையின் சீனக்குடா தளத்து விமானங்கள் காலைச் சண்டையிலேயே களைத்துக் குறைந்திருந்தன. கொழும்புப் பக்கமிருந்து கிளம்பிய சில ஃபுல்மர் போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஹெர்மீஸ் இல்லை.

தாக்க வந்தவை 85 குத்திறக்கக் குண்டுவீச்சு விமானங்கள். 10:35 மணியளவில் தொடங்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் கப்பலில் விழுந்தன. இருபது நிமிஷத்தில் மூழ்கியது. வாம்பயரும் இரண்டாக முறிந்து கூடவே போனது. ஹெர்மீஸில் இறந்தவர்கள் 307 பேர், கேப்டன் ஆன்ஸ்லோவும் அதில் ஒருவர். அந்தப் பக்கம் வந்த வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் இரு கப்பல்களிலிருந்தும் அறுநூறு பேர் அளவில் அள்ளிக்கொண்டு கொழும்புக்குப் போனது. பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அன்றே கல்குடாவுக்கு அப்பால் அமிழ்ந்தது.

இந்தச் செய்தி சென்னைக்கு வேறு உருவில் வந்தது. ஜப்பான் கப்பல்கள் சென்னையை நோக்கி வருகின்றன என்று ஒரு பொய்த் தகவல். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அரசு அலுவலகங்கள் கடலிலிருந்து தள்ளிய உள்பகுதி ஊர்களுக்கு மாற்றப்பட்டன, மாநகராட்சி மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன, லட்சக்கணக்கானோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். நகுமோவோ அதற்குள் மலாக்கா வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். அப்படி ஓடி வருகிறவர்களுக்கு எங்கள் பக்கமும் வழி இருந்தது: விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கு 1927-லேயே ரயில் பாதை வந்துவிட்டது. கடல் இல்லாததை எங்கள் பக்கத்து ஊர்கள் ஒரு வசதியாக எண்ணிய வருஷம் அநேகமாக 1942 ஒன்றாகத்தான் இருக்கும்.

வென்றவர்களின் கதையும் நீளவில்லை. அகாகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும் இரண்டே மாதத்தில் மிட்வே சண்டையில் போயின. ஷோகாகுவும் ஸுயிகாகுவும் 1944-ல். கிழட்டு ஹோஷோ பிழைத்தது. போர் முடிந்ததும் வெளிநாடுகளில் சிக்கிய ஜப்பானியர்களை ஏற்றி வந்தது, பிறகு ஒசாகாவில் உடைக்கப்பட்டது. ஹெர்மீஸ் என்ற பெயரைப் பிரிட்டன் இன்னொரு விமானந்தாங்கிக்குச் சூட்டியது. 1982 ஃபாக்லாந்து போரில் கொடிக்கப்பலாக நின்றது அதுதான். பிறகு அதை நாம் வாங்கினோம். 1987 மே முதல் 2017 மார்ச் வரை ஐஎன்எஸ் விராட். குஜராத்தின் அலாங்கில் உடைந்து இரும்பானது. முதல் ஹெர்மீஸ் மட்டும் ஐம்பது மீட்டருக்கும் மேலான ஆழத்தில், கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் அளவில் கிடக்கிறது. இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009-ல் முடிந்த பிறகு முக்குளிப்பவர்கள் தேடி வருகிறார்கள்.

2018 அக்டோபரில் ஜப்பானின் காகா விசாகப்பட்டினத்துக்கு வந்தது, இந்தியக் கடற்படையோடு கூட்டுப் பயிற்சிக்கு. அதே பெயருள்ள பழைய காகா பேர்ல் ஹார்பரைத் தாக்கிய கப்பல். 1942 ஏப்ரலில் அது வங்கக் கடலுக்கு வராமல் போனது, பாறையில் மோதிப் பழுதுக்குப் போயிருந்ததால்தான். புதிய காகாவின் தளத்தில் எஃப்-35பி விமானம் முதன்முறை இறங்கியது 2024 அக்டோபரில், கலிஃபோர்னியாவுக்கு அப்பால். அந்த விமானமும் அமெரிக்காவுடையது. ஜப்பான் வாங்கியவை 2025 ஆகஸ்டில் நியூதபாரு தளத்துக்கு வரத் தொடங்கின. அவை கடற்படைக்குச் சொந்தமல்ல, விமானப்படைக்குச் சொந்தம். கப்பல் ஒருவருடையது, விமானம் இன்னொருவருடையது. சீனாவோ 2023 வாக்கில் கரையோர விமானங்களில் பெரும்பகுதியை விமானப்படைக்குக் கொடுத்தபோதும், கப்பலில் இறங்கும் ஜே-15களைக் கடற்படையின் கையிலேயே வைத்துக்கொண்டது.