மணிமங்கலப் போரும் மானக் கஷாயமும்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே செல்வோர் 10, 12 கிலோமீட்டர் தொலைவில் மணிமங்கலத்தை அடைவர். அடையாற்றுக்கு நீர் தரும் ஏரிகளுள் இவ்வூர் ஏரியும் ஒன்று. வீட்டுமனைகள் பெருகிவரும் இப்பகுதியில் அன்றாடம் பயணம் செய்யும் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டின் இரு பேரரசுகள் மோதிக்கொண்ட போர்க்களங்களுள் இதுவும் ஒன்று. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியும் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனும் இங்கே பொருதனர். அந்தப் பகைமை எவ்வாறு மூண்டது, நூறு ஆண்டுகள் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சமண அறநெறியின் துணைகொண்டு நோக்கினால், மனித மனத்தில் வன்முறை வேர்கொள்ளும் முறை தெளிவாகத் தெரியும்.

பகையின் தொடக்கம் நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் காலத்தது. பல்லாவரத்துக் குன்றில் குடைவரை அமைத்து, அதில் தன் விருதுப் பெயர்களைப் பொறித்துவைத்தவன் அவன். புலிகேசி வடக்கிலிருந்து படையெடுத்து வந்து காஞ்சியை நெருங்கினான். பல்லவன் கோட்டை மதில்களுக்குள் ஒடுங்கினான் என்கிறது சாளுக்கியர் கல்வெட்டு. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது பிற்காலப் பல்லவரின் காசக்குடிச் செப்பேடு. அந்தப் பகைவர் யாவர் என்று அது பெயர் சுட்டவில்லை. ஒரே போரைப் பற்றி இரு அரசவைகளும் தத்தம் வெற்றியாகவே பேசுவது எக்காலத்துக்கும் உரிய வழக்கம்தான்.

மேற்சொன்ன சாளுக்கியக் கல்வெட்டு பொறிக்கப்பட்டிருக்கும் இடம் ஓர் ஜினாலயம் என்பதைத் தமிழ்ச் சமணர் எளிதில் கடந்துசெல்ல இயலாது. ஐஹொளெ ஊரின் மேகுடிக் கோயிலைக் கட்டுவித்தவர் ரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர். கி.பி. 634-35இல் அக்கோயில் சுவரில் தம் புரவலனாகிய புலிகேசியின் போர் வெற்றிகளை வரிசையாகப் பாடி, தம்மைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் நிகரானவராகவும் சொல்லிக்கொண்டார். அவர் பெரும்புலவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நெறியின் ஆலயச் சுவரில் பகைவர் பட்ட இழிவு புகழாக நிற்பதைக் காணும்போது, அரச ஆதரவுக்குச் சமயங்கள் கொடுத்த விலை என்ன என்னும் வினா எழாமல் போகாது. அவ்விலையைக் கொடுத்தது சமணம் மட்டுமன்று என்பதும் உண்மை; அதனால் வினா மறைந்துவிடுவதில்லை.

இதனை எடைபோடும் அளவுகோலும் சமண நூல்களிலேயே உள்ளது. ஆசாரியர்கள் ஹிம்சையை நான்காகப் பகுத்தனர். சமையல் முதலிய இல்லத் தொழில்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் போன்ற பிழைப்பில் நேர்வது உத்யோக ஹிம்சை. தாக்க வந்தவனைத் தடுக்கும்போது நேர்வது விரோதி ஹிம்சை. கொல்ல வேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கல்ப ஹிம்சை. முதல் மூன்றையும் இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது, குறைத்துக்கொள்ளலாம். நான்காவதை அவர்கள் அறவே விலக்க வேண்டும். நாட்டைக் காக்க அரசன் வாளெடுப்பதைச் சமணம் கண்மூடித்தனமாகக் கடிந்ததில்லை. வாளைப் பிடித்த கையைவிட, அக்கையை இயக்கும் குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் கஷாயங்களையே அது உற்று நோக்கியது.

புலிகேசி மீண்டும் தொண்டைநாட்டுக்குள் நுழைந்தபோது நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய இடங்களில் அவனை முறியடித்தான். மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே உள்ளது. எனவே பகைப்படை பல்லவ நாட்டின் உட்பகுதி வரை வந்துவிட்டது எனலாம். ஏரிகளும் கால்வாய்களும் நிறைந்த நிலத்தில், தாயகத்திலிருந்து நெடுந்தொலைவு விலகிவந்த படையை, நிலத்தின் மேடுபள்ளம் அறிந்த படை எதிர்கொண்டது. இவ்வகைப் போரில் தற்காப்பவனுக்கு உணவும் நீரும் வழியும் துணைநிற்கும்; படையெடுத்து வந்தவனுக்கு அம்மூன்றும் நாள்தோறும் கவலையாகும். இதுவரை நடந்தது விரோதி ஹிம்சை. குடிகளைக் காக்க அரசன் செய்ய வேண்டிய கடமை.

ஆனால் கதை மணிமங்கலத்தோடு நிற்கவில்லை. பல்லவப் படை வடக்கே நெடுவழி சென்று கி.பி. 642இல் சாளுக்கியத் தலைநகராகிய வாதாபியைக் கைப்பற்றியது. அங்குள்ள பாறையில் நரசிம்மவர்மனின் பெயர் வெட்டப்பட்டது. ‘வாதாபி கொண்டவன்’ என்பது அவனுக்கு நிலைத்த பட்டமாயிற்று. மீண்டும் படையெடுக்க இயலாதவாறு பகைவனின் வேரையே அறுப்பது போர்த்தந்திரத்தின்படி சரியான முடிவு என வாதிடலாம். எனினும் கூரம் செப்பேடு வேறொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. தோற்றோடிய புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு அதில் ‘விஜய’ என்னும் எழுத்துகளைப் பொறித்தவன் என்று அது நரசிம்மவர்மனைப் புகழ்கிறது. பாதுகாப்பை மட்டும் நாடிய மனம் இப்படிப் பேசாது. தந்தை மதிலுக்குள் ஒடுங்கினார் என்று எழுதப்பட்ட சொல்லுக்கு மகன் முதுகில் எழுதிய விடை இது. மானக் கஷாயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வரலாற்றில் அரிது. அச்செப்பேட்டை வெளியிட்டவனோ நரசிம்மவர்மனின் பேரன் பரமேசுவரவர்மன். இரண்டு தலைமுறை கழிந்தும் அந்த இறுமாப்பு ஆறவில்லை. வாதாபிப் போரில் படைநடத்திய பரஞ்சோதியார் மட்டும் வெற்றிக்குப் பின் அரசனிடம் விடைபெற்றுப் போர்த்தொழிலை விட்டு விலகினார் என்று பெரியபுராணம் கூறும். அவர் சைவ அடியார். என்றாலும் வென்ற கையோடு வாளை வைத்துவிடும் மனத்திண்மை எந்நெறியினரும் போற்றத்தக்கது.

எண்ணமே ஹிம்சையின் விதை என்பதை யசோதர காவியம் அறிந்த தமிழ்ச் சமணர்க்கு விளக்க வேண்டியதில்லை. யசோதரன் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று, மாவால் செய்த கோழியை. ஆயினும் வெட்டும் எண்ணம் மெய்யானதால் அவனும் அவன் தாயும் பிறவிதோறும் விலங்குகளாய்த் துன்புற்றனர். வாதாபியிலும் விதைத்தது முளைத்தது. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் தலைநகரை மீட்டு, காஞ்சியைத் தாக்கி, கி.பி. 674இல் உறையூரில் பாசறை அமைத்திருந்தான். பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் அவனை எதிர்த்து வென்றான். நான்கு நூற்றாண்டுகள் கழித்துச் சோழர் கலியாணிச் சாளுக்கியரோடு புரிந்த போர்களின் மெய்க்கீர்த்திகளும் இதே மணிமங்கலத்துக் கோயில் சுவர்களில் ஏறின. அரச குலங்கள் மாறின, புகழ்ச்சியின் நடை பெரிதும் மாறவில்லை.

வாதாபிக் குன்றின் நான்காம் குகை சமணக் குகை. கொடிகள் சுற்றப் பாகுபலி அங்கே நிற்கிறார். பரதனும் பாகுபலியும் நாட்டுக்காக எதிர்நின்றபோது, படைகள் மடிய வேண்டாம், உடன்பிறந்தோர் இருவரும் தாமே பொருதுக என்று அமைச்சர்கள் முடிவுசெய்தனர். கண்ணோக்கிலும் நீரிலும் மற்போரிலும் பாகுபலியே வென்றார். வென்ற அக்கணத்தில் அரசைத் துறந்தார். ஓராண்டு அசையாது நின்றும், நெஞ்சில் ஒட்டியிருந்த சிறு உறுத்தல் நீங்கிய பின்னரே அவருக்குக் கேவலஞானம் கிட்டியது. அண்ணனை வெல்ல மூன்று போட்டிகள் போதுமாயிருந்தன. தம்மை வெல்ல அதனினும் நெடுங்காலம் ஆயிற்று.

பல்லவ சாளுக்கியப் பகையிலும் இதன் சாயல் ஒருமுறை தோன்றியது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். வாதாபியின் நினைவு அவன் குலத்தில் அழிந்திருக்க வழியில்லை. பழிதீர்க்கப் படையும் வாய்ப்பும் கையில் இருந்தன. அவனோ நகரை அழிக்கவில்லை. இராஜசிம்மேசுவரத்தின் பெருஞ்செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராமல் அக்கோயிலுக்கே திருப்பியளித்தான். அவன் மகனும் காஞ்சியின்மீது படைகொண்டு வந்தவனே என்பதால், அரசியல் பகை அத்தோடு முடிந்ததாகக் கொள்ள முடியாது. எனினும் காஞ்சியிலிருந்து அவ்வரசன் குடும்பத்துடன் சென்றது ஒரு கலைவடிவம். அவன் தேவி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயில் காஞ்சிக் கோயிலின் அமைப்பைத் தழுவியது.

காஞ்சியில் இராஜசிம்மேசுவரம் இன்று கைலாசநாதர் கோயில் எனப்படுகிறது. திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்தை வழிபடத் தாம்பரத்திலிருந்து காஞ்சிக்குச் செல்லும் குடும்பங்கள் சற்று நேரம் ஒதுக்கினால் அதையும் காணலாம். செல்வத்தைத் திருப்பியளித்த செய்தி அங்குள்ள மண்டபத் தூண் ஒன்றில், வென்றவனின் மொழியாகிய கன்னடத்தில் வெட்டப்பட்டுள்ளது. அதன்பின் காஞ்சியில் தொடர்ந்து ஆண்ட பல்லவர்கள் அவ்வெழுத்தைச் சிதைக்கவில்லை.