நாடித் துடிப்பும் இன்ஷூரன்ஸ் பாலிசியும்

நாடி ஒழுங்கில்லை என்றால் பாலிசி கிடைக்காது என்று பயந்து, விண்ணப்பத்தில் அதை மறைப்பவர்கள் உண்டு. இந்தப் பயம் மிகப் பழையது.

19-ஆம் நூற்றாண்டு டாக்டரிடம் இருந்தது விரலும் ஸ்டெதஸ்கோப்பும்தான். துடிப்பு தப்பினால் அது எந்த வகை என்று பிரித்தறிய வழியில்லை. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் குடும்ப டாக்டராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி, கை நாடியையும் கழுத்து நாளத்தையும் ஒருசேரக் காகிதத்தில் பதிந்து, நோயாளிகளைப் பல வருடங்கள் கவனித்தார். இடையிடையே துடிப்பு தப்பிய பலர் நலமாகவே வாழ்ந்தார்கள். நாடி பற்றிய அவரது நூல் 1902-இல் வந்தது. 1909-இல் லண்டனில் தாமஸ் லூயிஸ், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை ஈ.சி.ஜி.யில் தனியே அடையாளம் காட்டினார்.

வகை தெரிவதால்தான் இன்று சிலருக்குச் சாதாரண பிரீமியம், சிலருக்குக் கூடுதல், சிலருக்கு மட்டும் மறுப்பு என்று பிரித்து முடிவெடுக்க முடிகிறது.

நம் நாட்டு 1938 இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பின், 3 வருடம் கடந்த பாலிசியை எக்காரணத்துக்காகவும் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. அதற்குள் இறப்பு நேர்ந்தால், மறைத்த ஒரு வரியே குடும்பத்துக்கு வரவேண்டிய பணத்தைத் தடுத்துவிடலாம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஈ.சி.ஜி.யை மறைக்காமல் விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுக்கட்டும்.