வளர்ப்புப் பாம்புகளுக்கு இரையளித்தல்

வளர்ப்புப் பாம்புகளுக்கு இரையளித்தல் என்பது கூண்டில் வளர்க்கப்படும் பாம்புக்கு எவ்வளவு பெரிய இரையை, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் பராமரிப்பு முறை ஆகும். பாம்பு இரையை மெல்லாது முழுதாக விழுங்குகின்றது; அதைச் செரிக்கப் பல நாட்கள் எடுத்துக்கொள்கின்றது. எனவே நாய், பூனை போன்று அதற்கு நாள்தோறும் உணவு தேவைப்படுவதில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த சோளப் பாம்பும், மேற்கு மற்றும் நடு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பும் பரவலாக வளர்க்கப்படும் இனங்கள் ஆகும்.

செரிமானமும் வெப்பநிலையும்

பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறுகின்றது. கூண்டு குளிர்ந்திருந்தால் செரிமானம் மந்தமாகி, விழுங்கிய இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். சோளப் பாம்பின் கூண்டில் ஒரு பக்கமாவது ஏறத்தாழ 28-30 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். உணவுக்குப் பின் உடலில் நிகழும் மாற்றங்களும் சிறியவை அல்ல. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை உண்ட இரண்டு நாட்களில் அதன் இதயக் கீழறையின் நிறை சுமார் 40% கூடுவதை 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. செரிமானம் முடிந்ததும் இதயம் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகின்றது.

இரையின் அளவு

பாம்பின் உடலில் மிகவும் பருத்த இடத்தின் அகலமே இரையின் அகலத்துக்கு அளவுகோல் ஆகும். இரை அதற்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம். தலையின் அகலத்தை வைத்துக் கணிப்பது பிழையானது. தாடைகள் வெகுவாக விரியக்கூடியவை. எடையைக் கொண்டு கணிப்பது இன்னும் நம்பகமானது: குட்டிகளுக்கு உடல் எடையில் 10-15%, வளர்ந்தவற்றுக்கு அதனினும் குறைவு. 8 கிராம் எடையுள்ள சோளப் பாம்புக் குட்டிக்கு, பிறந்து ஓரிரு நாட்களேயான, 1 கிராம் அளவுள்ள சுண்டெலிக் குஞ்சு ஒன்று போதும். வளர்ந்த பாம்புக்கு 20-30 கிராம் எடையுள்ள முழு வளர்ச்சியடைந்த சுண்டெலி ஏற்றது.

இடைவெளி

சோளப் பாம்புக் குட்டிக்கு 5-7 நாட்களுக்கு ஒருமுறையும், வளர்ந்ததற்கு 10-14 நாட்களுக்கு ஒருமுறையும் இரை கொடுப்பது வழக்கம். வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போதும். பந்து மலைப்பாம்புகள் இனப்பெருக்கக் காலத்திலும் தோலுரிப்பதற்கு முன்னரும் உண்ண மறுப்பதுண்டு; சில மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். எடை குறையாதவரை இதற்காக அஞ்சத் தேவையில்லை. ஆகவே உணவு தட்டிலும் பயனுள்ள கருவி எடை பார்க்கும் தராசே எனலாம்.

கக்குதல்

இரை பெரிதாக இருத்தல், போதிய வெப்பம் இன்மை, உண்டவுடன் கையில் எடுத்தல் ஆகியவை பாம்பு இரையைக் கக்குவதற்கான முதன்மைக் காரணங்கள். கக்கும்போது நீரும் செரிமான அமிலமும் வெளியேறுகின்றன, உணவுக்குழாய் புண்படுகின்றது. சிறு குட்டிகள் அடுத்தடுத்துக் கக்கினால் இறந்துவிடக்கூடும். பரிவால் உடனே மீண்டும் ஊட்டுவதே பெரும்பாலும் இரண்டாம் முறை கக்குவதற்குக் காரணமாகின்றது. நீர் மட்டும் வைத்து 10-14 நாட்கள் காத்திருந்து, பின்னர் வழக்கமான அளவில் பாதி கொடுக்க வேண்டும். மறுபடியும் கக்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். உண்ட பின் குறைந்தது 48 மணிநேரம் பாம்பைத் தொடலாகாது.

மிகையுணவு

விரைவாகப் பெரிதாக்கும் நோக்கில் அடிக்கடி ஊட்டுவோரும் உளர். இதனால் கொழுப்பு உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படிந்து ஈரல் கெடுகின்றது. உடல் நேராக இருக்கும்போதே செதில்களுக்கிடையே தோல் தெரிவது உடற்பருமனின் அறிகுறி ஆகும். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தி நிற்பது மெலிவின் அறிகுறி.

இரையின் நிலை

உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் கடுமையாகக் காயப்படுத்தக்கூடும் என்பதால், உறைய வைத்த இறந்த எலியை முழுதும் உருக்கி, வெந்நீரில் இளஞ்சூடாக்கிக் கொடுப்பதே பாதுகாப்பானது. நுண்ணலை அடுப்பில் சூடாக்கினால் உட்பகுதி சீரற்று வெந்துவிடும். புற்றுக்குப் பால் வார்க்கும் வழக்கம் தமிழரிடையே இருப்பினும் பால் பாம்பின் உணவன்று. அதைச் செரிக்கும் இயல்பு பாம்புக்கு இல்லை.

இந்தியாவில் நாகம், சாரை, மலைப்பாம்பு உள்ளிட்ட உள்நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.