காவிரிக் கடைமடையில் கணக்கெழுத வந்தவர்கள்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கணக்கு வேலைக்குப் போகும் பிள்ளையைப் பார்த்து, மேலே படிக்க வசதியில்லை போலிருக்கிறது என்று இரக்கப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சீர்காழியைச் சுற்றியுள்ள நெல் வயல்களின் வரலாறு இந்த இரக்கத்துக்கு இடம் தரவில்லை. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே கடலைத் தொடும் இந்தக் கடைமடைப் பகுதியில் கணக்கு என்பது சிறு வயதிலேயே கைவரப் பழகிய தொழில். அதற்குள் நுழைய வயது ஒருபோதும் தடையாக இருந்ததில்லை. பிறப்புதான் தடையாக இருந்தது. அந்தத் தடை நீங்கியது இருபதாம் நூற்றாண்டில். அதை நீக்கும்போது, மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் பழைய முறையையும் நாம் கவனியாமல் நழுவவிட்டோம் என்பதே என் வாதம்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டந்தோறும் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னபோது, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 884 பள்ளிகள் இருப்பதாகப் பதில் போனது. அவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். ஐந்து வயதுப் பிள்ளை மணலில் விரலால் எழுதத் தொடங்கும். அடுத்துப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்னும் வாய்பாடுகள். நெல்லிலக்கத்தில் செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று முகத்தலளவை முழுவதும் அடங்கும். பின்னங்களோ முந்திரி, காணி, மா என்று படியேறும். முந்திரி என்பது 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று. நிலத்திலும் 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. ஆகவே பின்ன வாய்பாடு தெரிந்த பையனுக்கு வயலின் அளவும் தெரிந்துவிடும். வேலிக்கு இத்தனை கலம் விளைந்தால் மூன்று மாவுக்கு எவ்வளவு என்பதை ஓலையைத் தொடாமலே சொல்லிவிடுவான். இதற்குப் பிறகு அவன் ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்தின் வீட்டுக்குப் போய்ப் பழைய கணக்கைப் படியெடுப்பான், வயலுக்குக் கூடப் போவான், நெல் அளக்கும்போது பக்கத்தில் நிற்பான்.

இதெல்லாம் வெறும் மனப்பாடம், சிந்தனைக்கு இடமில்லாத படிப்பு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் பள்ளி ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள். பொருள் விளங்காத செய்யுளை ஒப்பிப்பதைப் பற்றி அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. எண்சுவடியை அதோடு சேர்ப்பது சரியல்ல. வாய்பாடு முடிவல்ல, கருவி. களத்தில் நெல் குவிந்து கிடக்கையில் பங்கு பிரிக்க நிற்பவனுக்கு மனத்தில் ஓடும் பின்னம் வேண்டும். அந்தப் படிப்பு எங்கே பயன்படப்போகிறது என்பது படிக்கும் நாளிலேயே கண்முன் இருந்தது. இன்றைய வணிகவியல் வகுப்பில் பற்று, வரவு விதிகளைப் படிக்கும் மாணவர் பலருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

பழைய முறையின் உண்மையான குற்றம் வேறு. திண்ணைப் பள்ளியில் பல சாதிப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் சேற்றில் இறங்கி நட்டு, அறுத்து, அடித்து, மரக்கால் கணக்கில் கூலி வாங்கிய தலித் மக்களின் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் ஏற முடியவில்லை. பெண் பிள்ளைகள் மிக அரிது. படித்து முடித்தாலும் கர்ணம் வேலை பரம்பரையாகச் சில குடும்பங்களிலேயே நின்றது. 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவல்கள் சட்டம் அதை எழுத்தில் உறுதிசெய்தது. இது சிறிய விஷயமல்ல. எந்த வயலை யார் உழுகிறார் என்பது அடங்கல் என்னும் கிராமக் கணக்கில் ஏறாவிட்டால் குத்தகைதாரர் தன் உரிமையை நிரூபிக்க வழியில்லை. சாகுபடிதாரர் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே 1969-இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், கணக்கெழுதும் கை யாருடையது என்ற கேள்வியின் கனம் புரியும்.

கர்ணங்கள் செய்த முறைகேடுகளைச் சொல்லி, சிறு வயதில் கூடமாட இருந்து கற்றதெல்லாம் திருட்டுக் கணக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. முறைகேடு நடந்தது உண்மை. அதற்குக் காரணம் கற்ற முறையா, கேட்க ஆளில்லாத பரம்பரை அதிகாரமா? 921-ஆம் ஆண்டைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்குப் பதில் தருகிறது. நேர்மையாகப் பொருள் ஈட்டியவரே அங்கே கணக்கெழுதலாம். எழுதியவர் தம் கணக்கைத் தாமே பெரியவர்கள் முன் ஒப்படைத்து, சுத்தமானவர் என்று தீர்ப்புப் பெற்ற பிறகுதான் மறுபடி அந்த வேலைக்கு வரலாம். அவருக்குப் பதிலாக இன்னொருவர் கணக்கை முடிக்கக் கூடாது. கணக்கருக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நம் ஊர்ச் சபைகள் அன்றே அறிந்திருந்தன. பதவி பிறப்புரிமையான இடத்தில் இந்தக் கட்டுப்பாடு வலுவிழந்தது.

பள்ளித் தேர்வு அந்தப் பிறப்புரிமைக்கு எதிராக வந்தது. கும்பகோணத்தில் துணிக்கடைக் கணக்கரின் மகனாக வளர்ந்த கணித மேதை ராமானுஜன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தவறியவர், மெட்ரிகுலேஷன் தேர்ச்சியைக் காட்டித்தான் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். நகரத்து அலுவலகங்களில் இப்படி நடந்தபோதும் கிராமத்துக் கணக்கு அசையவில்லை. பரம்பரை உரிமை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 1960-இல் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில் தீர்ப்பளித்தது. 1968-இல் தமிழ்நாடு அதைச் சட்டத்தால் ஒழித்தது. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் பதவியையே நீக்கியது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அந்த வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. எந்தக் குடும்பத்தில் பிறந்தவரும், பெண்களும், தேர்வெழுதி கிராமக் கணக்கைக் கையில் எடுக்க முடிந்தது இந்த மாற்றங்களுக்குப் பிறகுதான். கர்ணங்களுக்கு இருந்த மண்ணறிவு போய்விட்டது என்று இன்றும் வருந்துபவர்கள், அந்த அறிவு யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மென்பொருள் வந்துவிட்டது, பட்டமில்லாத இளையோருக்கு இனி இங்கே என்ன வேலை என்பது கடைசி மறுப்பு. மென்பொருள் கூட்டும், கழிக்கும்; எந்தச் செலவு எந்தத் தலைப்பில் சேரும், எந்த ரசீது நம்பத்தக்கது என்பதை ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டித்தான் கற்க வேண்டும். பட்டயக் கணக்காளர் படிப்பே இதற்குச் சாட்சி. பிளஸ் டூ முடித்தவர் அதன் அடிப்படைத் தேர்வை எழுதலாம். தொழில் செய்பவரிடம் பல மாதங்கள் நேரடிப் பயிற்சி பெறாமல் யாரும் பட்டயக் கணக்காளர் ஆக முடியாது. அந்தப் பெரிய படிப்புக்குப் போகாமல் நெல் மண்டியிலோ உரக்கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சேரும் சீர்காழிப் பிள்ளைக்கும் அதே பயிற்சி கிடைக்க வேண்டும். வெறும் பதிவு வேலையை மட்டும் கொடுத்து, சம்பளத்தையும் குறைத்து, கணக்கின் காரணத்தைச் சொல்லித்தராமல் வைத்திருப்பது கர்ணத்தின் வீட்டில் படியெடுத்த பையனுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. சட்டம் வாசலைத் திறந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. உள்ளே வருபவருக்கு ஆண்டு முடிவுக் கணக்கை உடனிருந்து முடிக்கக் கற்றுத்தருவது, ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள் தீர்க்க வேண்டிய கடன்.